ஹட்டன் குளிரிலும் லெப்டொப் கொதிக்கிறதா? தேர்மல் பேஸ்ட்டை நீங்களே மாற்றலாம்

"இந்தக் குளிருக்கு எப்படி அண்ணே சூடாகும்?" என்று கேட்டுக்கொண்டேதான் பாதிப் பேர் கடைக்கு லெப்டொப்பைக் கொண்டுவருகிறார்கள். நியாயமான கேள்விதான். ஹட்டன் கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். கொழும்பில் அறைக்குள் 30 பாகை இருக்கும்போது இங்கே 18, 20 தான். லெப்டொப் உள்ளிழுக்கும் காற்றே பத்துப் பாகை குளிராகப் போகிறது. உயரத்தில் காற்று மெலிந்துவிடும் என்பதும் உண்மை. நுவரெலியாவில் கடல் மட்டத்தை விட ஆறில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு, அந்த அளவுக்கு ஃபேன் தள்ளும் காற்றின் வேலையும் குறையும். ஆனாலும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் குளிருக்குத்தான் லாபம். ஆகவே மலையகத்தில் ஒரு லெப்டொப்பின் சிப் (கணக்குப் போடும் ப்ரொசெசர்) 95 பாகையைத் தொடுகிறது என்றால் உள்ளே ஏதோ பிழை இருக்கிறது. வெயில் மேல் பழி போட இங்கே வழி இல்லை.

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். வருபவை அதிகமும் பழைய டெல் லட்டிடியூட், லெனோவோ திங்க்பேட், எச்பி. கொழும்பில் ஏதாவது ஒஃபிஸில் ஓடி முடிந்து, உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கோ கெம்பஸ் போகிற பிள்ளைக்கோ செகண்ட் ஹேண்டாக வாங்கிக் கொடுத்தவை. யூடியூப் பார்த்துவிட்டு, "பேஸ்ட் மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். சிப்புக்கும் அதன் சூட்டை வாங்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் பூசும் பசைதான் இந்தத் தேர்மல் பேஸ்ட். திறந்து பார்த்தால் பாதிக்குப் பாதி பேஸ்ட் பிரச்சினையே இல்லை. அதனால் ஸ்க்ரூ ட்ரைவரைத் தொடுவதற்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள்.

கையும் ஒரு கருவிதான்

சிப்பின் சூட்டைத் திரையில் காட்டும் கோர் டெம்ப் போன்ற ஒரு இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். லெப்டொப்பை மேசையில் வைத்து, பெரிய வீடியோ ஒன்றை ஓடவிட்டு, குரோமில் பத்துப் பதினைந்து டெப் திறந்து பத்து நிமிடம் வேலை வாங்குங்கள். பொதுவாக இன்டெல் சிப்கள் 100 பாகையை எல்லையாக வைத்திருக்கும். அதை நெருங்கியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். "கேம் ஆரம்பத்தில் நன்றாக ஓடுகிறது, ஐந்து நிமிடத்தில் இழுக்கிறது" என்பது இதனால்தான்.

இப்போது காற்று வெளியே வரும் ஓட்டையில் கையை வையுங்கள். காற்று பலமாகவும் நல்ல சூடாகவும் வந்தால் ஹீட்சிங்க் (சிப்பின் சூட்டை வாங்கி ஃபேன் பக்கம் கொண்டுபோகும் செம்பு அமைப்பு) தன் வேலையைச் செய்கிறது, நீங்கள்தான் அதிகம் வேலை வாங்குகிறீர்கள். காற்று சூடாக, ஆனால் மூச்சு விடுவது போல மெதுவாக வந்தால் தூசி அடைத்திருக்கிறது. திரையில் 95 காட்டுகிறது, ஃபேன் அலறுகிறது, காற்றும் பலமாக வருகிறது, ஆனால் அந்தக் காற்று வெதுவெதுப்பாகக்கூட இல்லை என்றால்தான் சந்தேகம் பேஸ்ட் மேல் வர வேண்டும். சிப்பின் சூடு ஹீட்சிங்க்குக்கு ஏறவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன், கோபிக்காதீர்கள். லெப்டொப்பை எங்கே வைத்துப் பார்க்கிறீர்கள்? நம் ஊரில் இரவு எட்டு மணிக்கு மேல் எல்லோரும் கம்பளிக்குள். மடியில் கம்பளி, கம்பளி மேல் லெப்டொப். அநேகமான லெப்டொப்கள் அடிப்பக்கத்தால்தான் காற்றை இழுக்கின்றன. கம்பளி அந்த வாயைப் பொத்திவிடும். எந்த பேஸ்ட் போட்டாலும் அது மாறாது. ஒரு பலகைத் துண்டோ பழைய பெரிய தட்டமோ அடியில் வைத்துப் பார்த்து, அதிலேயே பத்துப் பாகை இறங்கினால் மிச்சத்தை வாசிக்கத் தேவையில்லை.

என்ன வாங்குவது

சிப்பின் முகமும் ஹீட்சிங்க்கின் செம்புத் தகடும் பார்க்கக் கண்ணாடி போல இருந்தாலும் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று நின்றுவிட்டால் சூடு கடக்காது. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பின் அளவு ஏறத்தாழ 400 என்றால், காற்று 0.026 தான். பேஸ்ட் கம்பனிகள் தங்கள் பேஸ்ட்டுக்குச் சொல்லிக்கொள்வது சாதாரணமாக 4 முதல் 12 வரை. செம்போடு ஒப்பிட்டால் பேஸ்ட்டும் மோசம்தான். அது பள்ளத்தை மட்டும் நிரப்ப வேண்டும், இடையில் தடித்த படலமாக நிற்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆர்க்டிக் எம்எக்ஸ்-4, நொக்டுவா என்டி-எச்1 இரண்டும் வீட்டு வேலைக்குத் தாராளம். மின்சாரத்தைக் கடத்தாது, கொஞ்சம் வழிந்தாலும் மதர்போர்டுக்கு ஆபத்தில்லை. சின்னதும் பெரியதுமாக ஊசிக்குழாய்களில் வரும். சின்னதே போதும். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா பக்கம் போய்வரும் யாரிடமாவது சொல்லிவிட்டால் எடுத்து வருவார்கள், ஒன்லைனிலும் வாங்கலாம். பெயரே இல்லாமல் வெள்ளையாக வரும் மலிவுக் குழாய்களை நான் லெப்டொப்புக்குப் போடுவதில்லை. லெப்டொப் சிப் மூடி இல்லாத வெறும் சிப். சூடேறும்போது விரிந்து, ஆறும்போது சுருங்கி, நீர்த்த பேஸ்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குத் தள்ளிவிடும். மாற்றிய புதிதில் 70 காட்டியது சில மாதத்தில் மறுபடி 90க்கு ஏறுவது இதனால்தான். கையில் கொஞ்சம் கூடுதல் காசு இருந்தால் ஹனிவெல் பிடிஎம்7950 என்று ஒரு தாள் கிடைக்கிறது. அறைச் சூட்டில் திண்மமாக இருந்து, 45 பாகை அளவில் இளகிப் பரவும். இப்படி ஓரத்துக்குப் போகும் தொல்லை அதில் மிகக் குறைவு. போலியும் சந்தையில் உண்டு, வாங்குமிடம் பார்த்து வாங்குங்கள்.

பேஸ்ட்டுக்குப் பதிலாக விற்கும் திரவ உலோகத்தின் பக்கம் போகாதீர்கள். அதில் இருப்பது கலியம் (gallium) என்ற உலோகம். அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி வழிந்தால் போர்ட் போய்விடும். பற்பசை போடலாம் என்று சொல்லும் மகான்களும் இருக்கிறார்கள். ஈரம் இருக்கும் வரை வேலை செய்யும், காய்ந்ததும் சுண்ணாம்புதான்.

துடைப்பதற்கு ஐசோபுரோபைல் அல்கஹோல், 99 வீதம் கிடைத்தால் நல்லது. பாமசியில் கேட்டால் சில நேரம் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தருவார்கள். அதன் சில வகைகளில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். துடைத்த இடத்தில் எண்ணெய்ப் படலம் நிற்கும், ஆகவே லேபிளை வாசியுங்கள். கொரோனா காலத்து சானிடைசர் ஜெல் மிச்சம் இருந்தால் அது கைக்குத்தான். நெயில் பொலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைத் தின்னும். துணிக்கு நன்றாகத் துவைத்த பழைய வேட்டித் துண்டு அருமையானது, பஞ்சு உதிராது.

இவை தவிர நல்ல பிலிப்ஸ் ஸ்க்ரூ ட்ரைவர், பிஎச்0, பிஎச்1 அளவுகளில். வாய் தேய்ந்த ட்ரைவர்தான் ஸ்க்ரூ தலையைக் கெடுக்கும் முதல் எதிரி. மூடியைக் கிளப்ப பழைய பேங்க் கார்ட். ஒரு பெயின்ட் பிரஷ், அரை அங்குலம்.

திறப்பது

காலையில் செய்யுங்கள். வெளிச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை. மே மாதத்தில் இருந்து செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் பின்னேரம் ஆனால் மழையும் பனிமூட்டமும் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். குளிர்ந்து கிடந்த லெப்டொப்பை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்தால் உள்ளே நீர் முத்துப் பூக்கும். எந்த அறையில் திறக்கப் போகிறீர்களோ அந்த அறையிலேயே ஒரு மணித்தியாலம் முன்னதாக வைத்துவிடுங்கள். ஸ்வெட்டரையும் கழற்றிவிடுங்கள். கம்பளி, நைலோன் உடுப்புகள் உரசி உடம்பில் நிலைமின்சாரம் சேரும். தண்ணீர்க் குழாய் போல மண்ணுக்குள் போகும் ஏதாவது இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வந்து உட்காருங்கள்.

விண்டோஸில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுதாக நிற்கும். சார்ஜரைக் கழற்றுங்கள். வெளியே எடுக்கும் பெட்டரி என்றால் எடுத்துவிடுங்கள். திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி: உள்ளே இருக்கும் பெட்டரியை பயோஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங் திரை) கொன்ஃபிக், பவர் பகுதிக்குப் போய் அணைத்துவிடலாம். சார்ஜரை மறுபடி மாட்டும் வரை அது உயிர் பெறாது.

அடி மூடியின் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் என்று நினைத்துவிடக் கூடாது. நீளமானதைக் குட்டையின் குழியில் முறுக்கினால் கீபோர்ட் பக்கம் துளைத்துக்கொண்டு வரும். ஒரு கார்ட்போர்டில் லெப்டொப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கே இருந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். டீ பக்கெட் பெட்டியின் மட்டை இதற்கு நல்ல அளவு. திங்க்பேட் டி480 போன்றவற்றில் ஆறு ஸ்க்ரூவும் மூடியோடேயே நிற்கும், தொலையாது. எச்பியின் சில மாடல்களில் அடியில் ஒட்டியிருக்கும் ரப்பர் பட்டைக்குக் கீழே ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். பழைய மாடல்களில் டிவிடி ட்ரைவை இழுத்தெடுத்த பிறகுதான் இன்னும் சில தெரியும். எல்லாம் கழற்றியும் மூடி வரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். எங்கேயோ ஒன்று மிச்சம் இருக்கிறது. உங்கள் மாடல் பெயரைப் போட்டு ஒரு வீடியோ பார்த்துவிட்டு மறுபடி வாருங்கள்.

மூடி வந்ததும் முதல் வேலை பெட்டரி வயரைக் கழற்றுவது. வயரைப் பிடித்து இழுக்காமல், அதன் வெள்ளை அல்லது கறுப்பு முனையை நகத்தால் இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளிக் கழற்றுங்கள். அப்புறம் பவர் பட்டனைப் பத்துப் பதினைந்து செக்கன் அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் நிற்கும் மின்சாரமும் வடிந்துவிடும். இந்த இடத்தில் போனில் இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள்.

ஃபேனுக்குப் பின்னால் இருப்பது

இனி இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். ஹீட்சிங்க் என்பது சிப்பின் மேல் உட்காரும் செம்புத் தகடு, அதில் இருந்து போகும் தட்டையான செம்புக் குழாய், குழாயின் முடிவில் சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய தகடுகள். ஃபேன் அந்தத் தகடுகளின் ஊடாகக் காற்றைத் தள்ளுகிறது. தூசி தங்குவது ஃபேனின் இறக்கையில் இல்லை, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அதனால்தான் வெளி ஓட்டையைப் பிரஷால் தட்டிவிட்டு, "துப்பரவாகத்தான் இருக்கு" என்கிறார்கள்.

டவுன் வீட்டில் இருந்து வரும் லெப்டொப்பில் இந்தத் தூசி சாம்பல் நிறமாக, உலர்ந்து இருக்கும். ஊதினால் போய்விடும். லயத்து வீடுகளில் இருந்து வருவது வேறு. விறகடுப்புப் புகையின் கரி, தாளித்த எண்ணெய் ஆவி, நூல் தூசி எல்லாம் சேர்ந்து பழுப்பும் கறுப்புமாக, தொட்டால் பிசுபிசுக்கும். மணந்து பார்த்தாலே புகை வாடை. தேயிலை ஃபெக்டரிக்குப் பக்கத்து வீடு என்றால் தேயிலைத் தூளின் பூவும் கூடச் சேரும். போன மாதம் டிக்கோயாப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருந்து வந்த லட்டிடியூடில் ஃபேன் மூடியைக் கழற்றினேன். கம்பளியில் அளவாக நறுக்கி வைத்த துண்டு போலத் தூசி நின்றது. சுண்டு விரலால் ஒரு முனையைத் தூக்கினால் முழுதும் ஒரே பட்டையாக வந்தது, தகடுகளின் கோடு அதில் வரிவரியாகப் பதிந்திருந்தது. அந்த லெப்டொப்புக்கு பேஸ்ட் மாற்றாமலேயே சூடு இறங்கியிருக்கும். திறந்தது திறந்ததுதான் என்று மாற்றினேன்.

இந்தப் பிசினுக்கு ஊதுவது பலிக்காது. டயர் கடைக் கொம்பிரசரில் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தக் காற்றில் தண்ணீர் வரும், ஃபேனையும் கண்மண் தெரியாமல் சுழற்றி பெயரிங்கைக் கெடுக்கும். ஃபேனின் சிறிய ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதன் வயரையும் மெதுவாக எடுத்துத் தனியாக்குங்கள். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு அல்கஹோல் தொட்ட பிரஷால் துடையுங்கள். தகடுகளை வெளிப்பக்கத்தில் இருந்து உள்பக்கமாகப் பிரஷ் பண்ணினால் அழுக்கு வந்த வழியே திரும்பும். தகடுகள் மெல்லியவை, ஊசியால் குத்தினால் வளைந்துவிடும்.

ஹீட்சிங்க்கும் பேஸ்ட்டும்

ஹீட்சிங்க்கில் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் அடித்திருக்கும். கழற்றும்போது 4இல் இருந்து 1க்கு, பூட்டும்போது 1இல் இருந்து 4க்கு. எண் இல்லை என்றால் மூலைக்கு மூலை. ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று, மறுபடி அரைச் சுற்று என்று தளர்த்துங்கள். ஒரு பக்கம் அழுத்தம் நின்று மறு பக்கம் தூக்கினால் வெறும் சிப்பின் முனை உடையும். அது உடைந்தால் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

ஸ்க்ரூ தளர்ந்த பிறகும் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் நேராக மேலே இழுக்காதீர்கள். ஒரு மில்லிமீற்றர் அளவு இடமும் வலமும் அசைத்தால் காய்ந்த பேஸ்ட் விட்டுக்கொடுக்கும். நம் குளிருக்கு அது இறுகித்தான் இருக்கும். வேலை தொடங்குவதற்கு முன் பத்து நிமிடம் லெப்டொப்பை ஓடவிட்டிருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

பழைய பேஸ்ட்டைத் துணியில் அல்கஹோல் தொட்டு, ஓரத்தில் இருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். சிப்பைச் சுற்றி மணல் மணலாகச் சிறு கப்பாசிட்டர்கள் இருக்கும், அங்கே நகத்தைப் போட வேண்டாம். சிப்பில் உங்கள் முகம் தெரிய வேண்டும், செம்பும் பளிச்சென்று வர வேண்டும். அதற்குப் பிறகு விரல் படக் கூடாது. ஈரமான நாளில் அல்கஹோல் காய நேரம் எடுக்கும். ஒரு பிளேன்டி குடித்துவிட்டு வாருங்கள்.

ஹீட்சிங்க்கில் இருந்து சின்னச் சின்னச் சதுரமாக, ரப்பர் போல மெத்தென்று சில துண்டுகள் போர்டில் ஒட்டி நின்றால் அவை தேர்மல் பேட். கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள லெப்டொப்களில் மெமரி சிப்களின் மேல் இருக்கும். அவை கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். கிழிந்தால் அதே தடிப்பில், 0.5 மி.மீ. என்றால் 0.5, 1 என்றால் 1, புதியது வைக்க வேண்டும். அந்த இடத்தில் பேஸ்ட் போட்டால் இடைவெளி நிரம்பாது. தடித்த பேட் வைத்தால் ஹீட்சிங்க் தூக்கி நின்று சிப்பைத் தொடாது. புது பேட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும், இரண்டையும் உரிக்க வேண்டும்.

பேஸ்ட்டின் அளவைப் பற்றி ஆளுக்கொரு வேதம். வெறும் சிப்புக்கு என் கட்சி இது: நீளப்பக்கமாக நடுவில் மெல்லிய ஒரு கோடு போட்டு, கார்ட் துண்டால் முழு முகத்திலும் தடவிவிடுங்கள். அடியில் சிப்பின் பளபளப்பு எட்டிப் பார்க்கக் கூடாது, அதற்கு மேல் தடிப்பும் வேண்டாம். மேசைக் கொம்பியூட்டரில் நடுவில் பொட்டு வைத்து அழுத்தினால் சரிவரும், அங்கே சிப்பின் மேல் உலோக மூடி சூட்டைப் பரப்பிக் கொடுக்கிறது. இங்கே ஒரு மூலை வெறுமையாக நின்றால் அந்த மூலையே 100க்குப் போகும். இன்டெல் யு வகை சிப்களில் ஒரே பச்சைப் பலகையில் பெரியதும் சின்னதுமாக இரண்டு இருக்கும். பழைய பேஸ்ட் எதன் மேல் இருந்ததோ அதற்கு மட்டும் பூசுங்கள்.

ஹீட்சிங்க்கை நேராக மேலே இருந்து இறக்குங்கள். வைத்த பிறகு தூக்கிப் பார்க்கும் ஆசை வரும். தூக்கினால் காற்றுக் குமிழி புகும், மறுபடி துடைத்துப் பூச வேண்டும். ஸ்க்ரூக்களை எண் வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, தானாக நிற்கும் வரை இறுக்குங்கள்.

மூடிய பிறகு

ஃபேன் வயர், அப்புறம் பெட்டரி வயர், அப்புறம் மூடி. எல்லா ஸ்க்ரூவையும் போடுவதற்கு முன் ஒருமுறை ஒன் பண்ணிப் பாருங்கள். எச்பியில் ஃபேன் வயர் சரியாக உட்காரவில்லை என்றால் 90பி என்று திரையிலேயே எழுதிக் காட்டும், லெனோவோவில் ஃபேன் எரர் என்று வரும். சார்ஜர் குத்தாமல் உயிரே வரவில்லை என்றால் பெட்டரி முனையை இன்னொருமுறை அழுத்துங்கள். திங்க்பேட்டில் பயோஸில் பெட்டரியை அணைத்திருந்தால் சார்ஜர் குத்தத்தான் வேண்டும்.

முன்பு செய்த அதே பரிசோதனையை அதே மேசையில் செய்யுங்கள். எங்கள் பக்கத்துக் குளிரில், சாதாரண ஒஃபிஸ் லெப்டொப் ஒன்று சும்மா இருக்கும்போது 40ஐ ஒட்டியும், வேலை வாங்கும்போது 75, 80க்குள்ளும் நின்றால் எனக்குத் திருப்தி. கேமிங் லெப்டொப்புக்கு அந்தக் கணக்கு செல்லாது, அது 90 வரை போகத்தான் செய்யும். மாற்றியும் முன்பு போலவே 98 காட்டினால் பேஸ்ட்டைக் குறை சொல்வதற்கு முன், ஹீட்சிங்க் சிப்பில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா, ஏதாவது பேட்டின் தாள் உரிக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி, சிப் பக்கம் செம்பு கொதிக்கிறது, தகடுப் பக்கம் குழாய் குளிர்ந்தே இருக்கிறது என்றால் அந்தக் குழாய் செத்துவிட்டது. அதற்குள் இருக்கும் கொஞ்சத் திரவம்தான் சூட்டைச் சுமந்து போகிறது, அது போனால் ஹீட்சிங்க்கையே மாற்ற வேண்டும்.

ஃபேன் சத்தம் மட்டும் "கிறீச்" என்று தொடர்ந்தால் அது பெயரிங். தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விட்டால் சில நாள் அடங்கும், பிறகு மறுபடி கத்தும். ஃபேனின் ஸ்டிக்கரில் ஒரு பார்ட் நம்பர் இருக்கும். மூடியைத் திறந்திருக்கும்போதே அதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால், ஃபேன் ஓடர் பண்ணுவதற்காக இன்னொரு தடவை எல்லாவற்றையும் கழற்ற வேண்டி வராது.